கைமாறும் இடத்தைப் பாருங்கள்: புதிதாகப் பொறுப்பேற்றவருக்குக் குழு வேலை பற்றி

மலையில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கோத்தகிரியில் ஒரு தேயிலை ஆலையிலோ, ஊட்டியில் ஒரு ஓட்டலிலோ, குன்னூரில் ஒரு பேக்கரியிலோ ஒருவர் ஏழெட்டு வருடம் நன்றாக வேலை செய்கிறார். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "இனிமே இந்த ஷிஃப்டை நீங்கதான் பார்த்துக்கணும்" என்கிறார். சம்பளம் கொஞ்சம் கூடுகிறது. நேற்று வரை தோளில் கை போட்டுப் பேசியவர்கள் இன்று "சார்" என்கிறார்கள், அல்லது வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறார்கள். பத்துப் பேரை எப்படி நடத்துவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. கிடைக்கிற அறிவுரை ஒன்றே ஒன்று: "எல்லாரையும் அனுசரிச்சுப் போப்பா."

அனுசரித்துப் போவது நல்லதுதான். ஆனால் சண்டை சச்சரவு இல்லாமல், சிரித்துப் பேசிக்கொண்டே, ஒரு ஷிஃப்ட் முழுக்க மட்டமான டீத்தூள் போட முடியும். வேலைக்கு வெளியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாத ஆட்கள் சேர்ந்து அருமையாக வேலை முடிப்பதும் உண்டு. பாசம் இருந்தால் வேலை தானாக நடக்கும் என்று நம்பித் தொடங்குகிறவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். நான் பார்த்த வரையில், ஒரு குழு தேறுவதும் தேறாததும் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வேலை போகிற இடங்களில்தான் முடிவாகிறது. ஆட்களைத் திருத்துவதற்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை அந்த இடங்களைச் சீராக்கச் செலவழித்தால், பொறுப்பில் இருப்பவருக்கு வேலையும் குறையும், விரோதமும் குறையும்.

இதற்கு நீலகிரியிலேயே நல்ல பாடம் ஒன்று தினமும் மலையேறி வருகிறது.

கொடி யார் கையில்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பாதை 1899-ல் திறக்கப்பட்டது. 1908-ல் அது ஊட்டி வரை நீண்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி சுமார் 2,200 மீட்டர். இதில் கல்லாறு முதல் குன்னூர் வரைதான் கடும் ஏற்றம். பன்னிரண்டு மீட்டர் போனால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர வேண்டும். வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்பதால் நடுவில் பல் வைத்த தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்.

ஏறும்போது இன்ஜின் பின்னால் இருக்கும். பெட்டிகளை இழுக்காது, தள்ளும். இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்றால்தான் பெட்டிகள் பின்னோக்கி உருள வழியிருக்காது. சரி, அப்படியானால் டிரைவருக்கு முன்னால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் பெட்டியின் பின்சுவர். பாறை சரிந்து கிடக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்ப்பவர் முதல் பெட்டியின் முன்மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன். அவர் கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. டிரைவர் கொடுக்கும் விசிலைக் கேட்டு அவரவர் தம் பெட்டியின் பிரேக்கைப் பிடிக்கிறார்கள், விடுகிறார்கள்.

இந்த ரயிலில் பதவியில் பெரியவர் யார், சம்பளம் யாருக்கு அதிகம் என்பதெல்லாம் தனிக் கதை. சிவப்புக் கொடி எழுந்தால் ரயில் நிற்கும். "எதுக்குப்பா கொடி காட்டினே?" என்று கேட்பது நின்ற பிறகுதான். நிறுத்தும் உரிமை பதவியைப் பார்த்துக் கொடுக்கப்படவில்லை, யாருக்குக் கண்ணில் படுகிறதோ அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று, சைகைகள் மிகக் குறைவு. பச்சை, சிவப்பு, விசில். அத்தனை பேருக்கும் அவை ஒரே பொருளில் தெரியும். மழையிலும் மூடுபனியிலும் சத்தத்திலும் குழம்ப முடியாத அளவுக்கு எளிமை. கடைசியாக, ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு பிரேக் இருக்கிறது. "யாராவது பிடிப்பாங்க" என்று அங்கே விட்டுவிட முடியாது.

உங்கள் ஷிஃப்டில் சிவப்புக் கொடி யார் கையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பல இடங்களில் அது மேனேஜர் அறை மேஜை டிராயரில் பூட்டிக் கிடக்கிறது. பிரச்சினை முதலில் தெரிவதோ, அந்த அறைக்குள் கால் வைத்தே இராத ஒருவருக்கு.

எல்லாமே குழு கிடையாது

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பத்துப் பேர் ஒரே இடத்தில் வேலை செய்தால் அது குழு ஆகிவிடாது. எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பாருங்கள். ஒரே தோட்டம், ஒரே மேஸ்திரி, ஒரே நேரத்தில் டீ. ஆனால் மாலையில் எடை போடும்போது அவரவர் கூடை தனி, அவரவர் கிலோ தனி. ஒருவர் இன்று வரவில்லை என்றால் அடுத்தவரின் கொழுந்து குறையாது. அவர்களிடம் போய் "நாமெல்லாம் ஒரு டீம்" என்று பேசினால் மனதுக்குள் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நியாயமான எடை, ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்த வரிசை, மழைக்குப் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் படங்கு, சமயத்துக்குக் கூலி.

அதே கொழுந்து லாரியில் ஆலைக்கு வந்து இறங்கிய நிமிடம் கதை மாறுகிறது. வாட்டுபவர் சரியாக வாட்டாவிட்டால் அரைப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தும் பயனில்லை. அரைத்தது கெட்டால் டிரையரில் இருப்பவரால் அதை மீட்க முடியாது. ஒருவரின் வேலை இன்னொருவரின் கச்சாப் பொருள். இப்படிப் பின்னிக்கிடக்கும் இடம்தான் குழு. ஹார்வர்டில் பல்லாண்டுகள் குழுக்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஹேக்மன் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்: வேலை ஒன்றையொன்று சார்ந்திருக்க வேண்டும், யார் உள்ளே யார் வெளியே என்பது தெளிவாக இருக்க வேண்டும், ஆட்கள் கொஞ்ச காலமாவது நிலையாக இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் குழு உணர்வை ஊட்ட முயல்வது வீண் வேலை.

ஆகவே பொறுப்புக்கு வந்ததும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, என் ஆட்களில் யாருடைய வேலை யாருடைய வேலையைக் கெடுக்க முடியும்? பதில் "யாரும் யாரையும் கெடுக்க முடியாது" என்றால் தனித்தனியாக நடத்துங்கள், கூட்டம் போட்டு நேரத்தைக் கொல்லாதீர்கள்.

மாலையில் பெய்த மழை, காலையில் கருகிய தூள்

ஆலைக்குள் ஒரே ஒரு கைமாற்றத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மாலையில் வந்த இலையை ட்ரஃப் என்ற நீண்ட தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதவிட்டு, இரவு முழுக்க வாட்டுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினாறு மணி நேரம்கூட ஆகும். வாடியது போதுமா என்று பார்க்க ஒரு கைப்பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிடிப்பார்கள். கையை விரித்ததும் உதறிக்கொண்டு பிரிந்தால் இன்னும் வாடவில்லை. உருண்டையாகவே நின்றால் ஆயிற்று. பிறகு இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. எந்திரத்தில் போட்டு நொறுக்கி, ஒரு மணி நேரம் முன்னே பின்னே புளிக்கவிட்டு, பச்சை மாறிச் செம்பு நிறம் வந்ததும் டிரையருக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஈரம் மூன்று சதவீதத்துக்கு இறங்க வேண்டும். நாலரை கிலோ இலை போட்டால் ஒரு கிலோ தூள் கிடைக்கும், ஏறத்தாழ.

இப்போது ஒரு அக்டோபர் நாளை வைத்துக்கொள்வோம். மாலையில் மழை. கடைசி லாரியில் வந்த இலை நனைந்திருந்தது. இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கு அது தெரியும், அதை மூன்றாம் ட்ரஃபில் போட்டதும் அவர்தான். மற்ற ட்ரஃபெல்லாம் வாடிவிட்டன, மூன்றாவதுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். காலை ஆறு மணி. பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். எதிரே வருபவர் கேட்கிறார், "எல்லாம் சரிதானே?" இவர் சொல்கிறார், "சரிதான்."

பொய் சொல்லவில்லை. அவர் வேலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு "சரிதான்" நாளின் மீதியைத் தின்றுவிடுகிறது. காலையில் வந்தவர் முதலிலிருந்து வரிசையாக ட்ரஃபைக் காலி செய்கிறார். ஈர இலை எந்திரத்தில் விழுந்து கட்டி கட்டியாக வருகிறது. டிரையரில் நிற்பவர் தூள் ஈரமாக வருவதைப் பார்த்துச் சூட்டைக் கூட்டுகிறார். கட்டியின் வெளிப்பக்கம் கருகுகிறது, உள்ளே ஈரம் நிற்கிறது. மதியம் தூளின் தரத்துக்குப் பொறுப்பான டீ மேக்கர் கப்பில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் கத்துகிறார். டிரையர்காரர் எந்திரக்காரரைக் கைகாட்டுகிறார், எந்திரக்காரர் இரவு ஷிஃப்டைக் கைகாட்டுகிறார், இரவு ஷிஃப்ட் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை. ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. பழுது இரண்டு ஆட்களுக்கு நடுவில் இருந்தது, அந்த நடு இடத்துக்குப் பொறுப்பாக யாரும் இல்லை.

அந்த நடு இடம்தான் உங்களுடையது.

செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. ட்ரஃப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. ஷிஃப்ட் முடிக்கிறவர் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எது முடிந்தது, எது பாக்கி, எது வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது. மூன்றாவதுதான் உயிர்நாடி. "3-ம் ட்ரஃப், மழை இலை, 8 மணி வரை விடவும்." அவ்வளவுதான். வருகிறவர் அதைப் படித்துவிட்டு வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்: "மூணாவதை எட்டு மணிக்கு மேலதான் எடுக்கணும், சரிங்களாண்ணா?" திருப்பிச் சொல்வது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். விமானக் கட்டுப்பாட்டு அறை சொன்னதை விமானி திருப்பிச் சொல்வது இன்றும் கட்டாய நடைமுறை. கேட்டது வேறு, காதில் விழுந்தது வேறு என்பதை அந்த ஒரு நொடி காட்டிக்கொடுத்துவிடும்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இரண்டு பேரும் பத்து நிமிடம் ஒன்றாக நிற்கும்படி நேரத்தை அமைத்துக்கொடுப்பதும் உங்கள் வேலைதான். பஸ் ஆறு பத்துக்கு என்றால் இரவு ஷிஃப்டை ஆறுக்கு முடித்துவிட்டு "நின்னு பேசிட்டுப் போங்க" என்று சொல்வது நடக்காத காரியம். நேரத்தை மாற்றுங்கள், இல்லை அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி கொடுங்கள்.

நீலகிரியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே ஆலையில் படுகர், இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்தினர், சமவெளியிலிருந்து வந்தவர்கள், கூடலூர்ப் பக்கம் என்றால் மலையாளம் பேசுகிறவர்கள், இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் என்று எல்லோரும் இருப்பார்கள். ஒரே பேச்சுக்காரர்களை ஒரே ஷிஃப்டில் போட்டால் உள்ளுக்குள் வேலை சுலபமாக ஓடும். ஆனால் ஷிஃப்டுக்கும் ஷிஃப்டுக்கும் நடுவே மொழிச் சுவர் எழும்பிவிடும், பழி போடுவதும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நடக்கும். கைமாற்றம் நடக்கும் இடத்தில் இரண்டு பேச்சும் தெரிந்த ஒருவரை நிறுத்துவது, பலகையில் எழுத்தோடு படக்குறியும் வைப்பது, எந்திரச் சத்தத்தில் வாயால் கத்தாமல் கைச்சாடையைப் பழக்குவது, இதெல்லாம் ஒற்றுமைப் பேச்சைவிட அதிகம் வேலை செய்யும்.

கெட்ட செய்தி சொல்ல வருகிறவர்

அந்தக் கருகல் தூளையே எடுத்துக்கொள்வோம். டீ மேக்கர் கப்பில் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே அது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். சார்ட்டிங்கில், அதாவது தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் இடத்தில், நிற்கும் அக்காவுக்கு. வருடக்கணக்கில் சல்லடை முன்னால் நிற்பவர், மூக்கே சொல்லிவிடும். அவர் ஏன் சொல்லவில்லை? சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான்.

இரண்டு விதமாக நடக்கலாம்.

"தம்பி, தூள்ல லேசா கருகல் வாசம் வருதே."

"யாருக்கா டிரையர்ல?"

இந்தப் பதிலோடு அந்த அக்காவின் வாய் மூடிக்கொள்ளும். அவர் வாசத்தைப் பற்றிச் சொல்ல வந்தார், நீங்கள் அவரை ஒரு ஆளைக் காட்டிக்கொடுக்க வைத்துவிட்டீர்கள். டிரையரில் நிற்பவர் அவர் குடியிருக்கும் லைன் வீட்டு வரிசையிலேயே பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். அடுத்த முறை வாசம் வந்தால், "நமக்கெதுக்கு வம்பு" என்று சல்லடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"தம்பி, தூள்ல லேசா கருகல் வாசம் வருதே."

"எப்ப இருந்துக்கா?"

"ஒம்பது, ஒம்பதரை இருக்கும்."

இப்போது உங்களுக்கு ஒரு நேரம் கிடைத்துவிட்டது. ஒன்பது மணிக்கு டிரையருக்குள் போனது எந்த ட்ரஃப் இலை என்று பின்னோக்கிப் போனால் மூன்றாம் ட்ரஃபில் போய் நிற்பீர்கள். "யார்" என்று கேட்டால் ஆள் கிடைப்பார், "எப்போதிலிருந்து" என்று கேட்டால் காரணம் கிடைக்கும். (அவர் இன்னும் "தம்பி" என்று கூப்பிடுவதை மாற்றச் சொல்லாதீர்கள். "சார்" என்று மாறிய நாளில் செய்தி வருவதும் பாதி நின்றுவிடும்.)

இதைப் பற்றி நல்ல ஆராய்ச்சியே இருக்கிறது. அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்பவர் 1990-களில் மருத்துவமனைகளில் செவிலியர் குழுக்களையும், மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளையும் ஆராய்ந்தார். நன்றாக நடக்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழை பதிவாகியிருந்தது. கிளறிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, நடந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். மற்ற வார்டுகளில் பயத்தில் அமுக்கிவிட்டார்கள். பின்னர் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களைப் பார்த்து அவர் 1999-ல் எழுதிய கட்டுரை இதை இன்னும் விரித்தது: கேள்வி கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ இங்கே அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருக்கும் குழு கற்றுக்கொள்கிறது, கற்றுக்கொள்ளும் குழு நன்றாக வேலை செய்கிறது.

இதைக் கேட்டதும் சிலர், "அப்ப யாரையும் எதுவும் கேட்கக் கூடாதா?" என்பார்கள். கேட்க வேண்டும். தெரிந்தே பலகையில் எழுதாமல் போகிறவரை, மூன்று முறை சொல்லியும் தாமதமாக வருகிறவரைக் கேட்கத்தான் வேண்டும், தனியாகக் கூப்பிட்டு. ஆனால் செய்தி கொண்டுவந்தவருக்கு அந்தக் கோபத்தில் ஒரு துளிகூடத் தெறிக்கக் கூடாது.

பத்துப் பேர் செய்ய முடியாததை ஐந்து பேர் செய்வது

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் ஓட்டல்களைப் பாருங்கள். சமையலறையில் ஆள் போதவில்லை என்று ஆறு பேர் இருந்த இடத்தில் பன்னிரண்டு பேரைப் போடுவார்கள். சாப்பாடு இன்னும் தாமதமாகும். மேனேஜருக்கு ஏன் என்று புரியாது.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஆறு பேர் இருந்தால் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொள்ள 15 ஜோடிகள். பன்னிரண்டு பேர் ஆனால் 66. ஆள் இரண்டு மடங்கு, குழப்பம் வரக்கூடிய இடங்கள் நாலு மடங்குக்கும் மேல்.

இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் சங்கடமானது. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்தார். 1913-ல் அதைப் பிரசுரித்தார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் பாதி அளவுக்கே இழுத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நொடியில் இழுக்க முடியாதது ஒரு பங்கு. மறு பங்கு, கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தளர்ச்சி. 1979-ல் லாட்டனேயும் அவரது சகாக்களும் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் அளந்து, அந்த இரண்டாவது பங்கு உண்மையிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள்.

மனிதர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எவருக்கும் கை தளரும். ஆகவே பன்னிரண்டு பேர் தேவை என்றால் நான்கு நான்கு பேராகப் பிரித்து, காலை டிபன் இவர்கள், மதியச் சாப்பாடு இவர்கள், பாத்திரமும் ஸ்டோரும் இவர்கள் என்று முழுசு முழுசாகக் கொடுங்கள். மலை ரயிலில் ஆளுக்கு ஒரு பிரேக் இருப்பதும் இதனால்தான் நன்றாக வேலை செய்கிறது.

எதை அளக்கிறீர்கள்?

குழுவுக்குப் பொது இலக்கு வேண்டும் என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். சொல்வது சுலபம். உங்கள் கணக்கு நோட்டு அதற்கு எதிராக வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

வாட்டும் பிரிவை "எத்தனை மணிக்குள் ட்ரஃப் காலியாச்சு" என்று அளந்தால் அவர்கள் வாடாத இலையையும் தள்ளிவிடுவார்கள். டிரையரை "மணிக்கு எத்தனை கிலோ" என்று அளந்தால் சூட்டைக் கூட்டி ஓட்டுவார்கள். இருவரும் தங்கள் இலக்கை எட்டிவிடுவார்கள், குன்னூர் ஏலத்தில் தூளின் விலை இறங்கும். விலை இறங்கிய செய்தி முதலாளிக்குப் போகும், டீ மேக்கருக்கு வரும், அதற்குக் கீழே இறங்காது. ட்ரஃபில் நிற்பவருக்குத் தான் போன வாரம் வாட்டிய இலை என்ன விலைக்குப் போனது என்று கடைசி வரை தெரியாது.

தெரியப்படுத்துங்கள். நல்ல நாளின் தூளையும் மோசமான நாளின் தூளையும் இரண்டு கப்பில் ஊற்றி, வாட்டுபவரையும் டிரையர்காரரையும் சார்ட்டிங் அக்காக்களையும் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஏலத்தில் கிடைத்த விலையைப் பக்கத்தில் சாக்பீஸில் எழுதி வையுங்கள். வருடக்கணக்கில் டீத்தூள் போட்டும் இப்படி ருசி பார்க்க அழைக்கப்படாதவர்கள் நிறையப் பேர். தங்கள் கை வேலை நாக்கில் தெரிந்த பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் பேசும் பேச்சே வேறாக இருக்கும், "இந்த ஈரத்தை எதுக்கு என் தலையில கட்டினே" என்று நேருக்கு நேர், உங்களை இழுக்காமல்.

சண்டையும் சுற்றுலாவும்

மேலாண்மை வகுப்புகளில் டக்மன் என்பவர் 1965-ல் சொன்ன கட்டங்களைக் கட்டாயம் சொல்லித்தருவார்கள்: குழு கூடும், பிறகு முட்டிக்கொள்ளும், பிறகு ஒரு ஒழுங்குக்கு வரும், பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். அவர் பார்த்தது பெரும்பாலும் மனநலச் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றிய ஆய்வுகளை. எல்லா வேலையிடமும் அந்தப் படிக்கட்டில்தான் ஏறும் என்று நம்ப வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. முதல் மாதத்தில் சண்டை வந்தால் உங்கள் தலைமை தோற்றுவிட்டது என்று பொருளில்லை. யார் எதற்குப் பொறுப்பு என்று அவர்கள் தங்களுக்குள் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்கள். எதைப் பற்றிய சண்டை என்று கேளுங்கள். வேலையைப் பற்றி என்றால் நடக்கட்டும். சாதி, ஊர், குடும்பம் பக்கம் திரும்பினால் அன்றே, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒற்றுமை வளர்க்க எல்லோரையும் வேனில் ஏற்றி பைக்காரா கூட்டிக்கொண்டு போய்ப் படகு விடுவது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு: தாராளமாகப் போங்கள், படகு நன்றாக இருக்கும், மதியச் சாப்பாடும் நன்றாக இருக்கும். திங்கள்கிழமை காலை மூன்றாம் ட்ரஃபில் அதன் தாக்கத்தைத் தேடாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது

பொறுப்பேற்ற முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். வேலை உள்ளே நுழையும் வாசலில் தொடங்கி வெளியே போகும் வாசல் வரை அதன் கூடவே நடந்து போங்கள். இலை லாரியிலிருந்து மூட்டை வரை, அல்லது ஆர்டர் எழுதிய சீட்டிலிருந்து மேஜையில் வைக்கும் தட்டு வரை. ஒரு கை விட்டு மறு கை வாங்கும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "அவங்க கிட்ட இருந்து உங்களுக்கு என்ன வேணும், என்ன வர மாட்டேங்குது?" இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பொருந்தவே பொருந்தாத ஒரு இடம் நிச்சயம் இருக்கும். அதில் மட்டும் கை வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சரியாகிறதா என்று எப்படித் தெரியும்? ராத்திரியில் உங்களுக்கு வரும் போன் குறையும். ஆனால் போன் குறைவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: அவர்களே தீர்த்துக்கொள்கிறார்கள், அல்லது உங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். எது என்று பலகை காட்டிவிடும். அதில் ஈர இலை, தேய்ந்த பெல்ட், போதாத விறகு என்று எழுதியிருந்து, கீழே வேறொரு கையெழுத்தில் "பார்த்தாச்சு" என்று இருந்தால் நீங்கள் வீட்டில் தூங்கலாம். பத்து நாளாக "எல்லாம் சரி" என்று மட்டுமே இருந்தால், மறுநாள் விடியற்காலை ஷிஃப்ட் மாறும்போது ட்ரஃப் பக்கத்தில் நீங்களே போய் நில்லுங்கள், கையில் ஒரு சாக்பீஸோடு.